வண்ணார்பண்ணையில் பிறந்து நாடெங்கும் உறவு கொண்டாடிய அறிஞர் அஸீஸ்

ஒருவர் மறைந்த பின்னர் அவரை நினைத்துக் கண்ணீர் விடுவோர் யார் யார் என்பதைக் கொண்டு அவரது வாழ்வின் பரப்பை ஓரளவு கணித்துக்கொள்ள முடியும். மனைவி கணவரை நினைக்கின்றார். மக்கள் தந்தையை நினைக்கின்றனர். நண்பர்கள் தோழரை நினைக்கின்றனர். இம்மூவகை உறவோடும் பெரும்பாலானோரின் நினைவு ஒரு தலைமுறைக்குள் ஒடுங்கிவிடும். ஆனால் சிலரை, அவர்களுடன் இரத்த உறவோ நேர்ப் பழக்கமோ இல்லாதவர்களும் தம் வீட்டுப் பெரியவரைப் போல நினைவில் வைத்துக்கொள்கின்றனர். அத்தகைய மிகச் சிலருள் ஒருவர், 1973ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆம் திகதி இறையடி சேர்ந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள். அன்னார் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

நாம் அஸீஸ் அவர்களை நேரிற் கண்டவர்களல்லர். அவரிடம் கற்றவர்களிடம் கற்றவர்கள். அவரது நூல்களைப் பல்கலைக்கழக நூலகத்தில் எடுத்துப் படித்தவர்கள். எனினும் எமது தலைமுறையைச் சேர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் பலர், அவரைப் பற்றித் தமது தந்தையர் பேசக் கேட்டே வளர்ந்தனர். அந்தப் பேச்சில் ஒரு பொதுத் தன்மை இருந்தது. அவரது பதவிகளைப் பற்றி அவர்கள் அதிகம் சொல்வதில்லை. அவர் தம்மை எவ்வாறு படிக்கவைத்தார், எழுதத் தூண்டினார், தம்மிடம் இருந்த ஆற்றலைத் தமக்கே எவ்வாறு எடுத்துக்காட்டினார் என்பவற்றையே சொல்வார்கள். ஒரு தந்தையைப் பற்றிப் பிள்ளைகள் பேசும் தொனி அதில் இருக்கும்.

1911ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அஸீஸ் பிறந்தார். தந்தையார் எஸ்.எம். அபூபக்கர் அவர்கள் புகழ்பெற்ற பிரக்கிராசி; காதியாராகவும் யாழ்ப்பாண மாநகரின் துணை மேயராகவும் பணியாற்றியவர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எண்ணிக்கையிற் சிறிய சமூகத்தினர். சோனகத் தெருவையும் அதனை அண்டிய தெருக்களையும் தம் இருப்பிடமாகக் கொண்டு, தையல், வணிகம், இறைச்சிக்கடை, இரும்புக்கடை எனப் பல தொழில்களில் ஈடுபட்டு, சைவத் தமிழரோடும் கிறிஸ்தவத் தமிழரோடும் அன்றாடம் கலந்து வாழ்ந்தவர்கள். 1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் இதே வண்ணார்பண்ணையிலேயே என்பதை நினைத்துப் பார்த்தால், அஸீஸ் பிறந்த மண்ணின் இயல்பு விளங்கும். பள்ளிவாசலின் பாங்கோசையும் கோவில் மணியோசையும் ஒன்றையொன்று தடுக்காமல் ஒலித்த சூழல் அது.

அல்குர்ஆன் பள்ளியில் ஓதக் கற்றுக்கொண்ட சிறுவன், அதன் பின்னர் சேர்ந்த பாடசாலை இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயம். அங்கிருந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்குச் சென்றார். பெயரிலேயே மதத்தைத் தாங்கிநின்ற ஒரு கல்விக்கூடம் வேற்று மதத்துப் பிள்ளையை ஏற்று, அவனுடைய நம்பிக்கையில் கைவைக்காமல், தமிழையும் ஆங்கிலத்தையும் செவ்வனே புகட்டி அனுப்பியது. இதனை அஸீஸ் தம் வாழ்நாளில் ஒருபோதும் மறந்ததில்லை. பின்னாளில் அவர் ஒரு முஸ்லிம் கல்லூரியின் அதிபராக அமர்ந்தபோது அதே வாசலைப் பிற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் திறந்துவைத்தார். பெற்றதைத் திருப்பிச் செலுத்தும் பண்பு என்று இதனைக் கூறலாம்.

1929இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1933இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுச் சிறப்புப் பட்டம் பெற்றார். அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். அங்கு இருந்த வேளையில் இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சையில் அவர் சித்தியடைந்த செய்தி எட்டியது. நாடு திரும்பி 1935ஆம் ஆண்டில் அச்சேவையில் இணைந்தார். இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் இவரே என்பது குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் சிவில் சேவை என்பது ஒரு தொழில் மாத்திரமன்று. ஒரு குடும்பம் முழுவதற்கும், ஏன், ஒரு சமூகம் முழுவதற்குமே கிடைத்த கௌரவமாக அது கருதப்பட்டது. வணிகத்தையே தம் வழியாகக் கருதி ஆங்கிலக் கல்வியை ஐயத்தோடு நோக்கியிருந்த முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில், அஸீஸ் என்ற பெயர் அன்று முதல் ஒரு முன்மாதிரியாக உச்சரிக்கப்படலாயிற்று.

ஆயினும் அவரை உருவாக்கியது கொழும்போ கேம்பிறிட்ஜோ அல்ல, கல்முனையே என்று நாம் கருதுகின்றோம். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. நாட்டில் பஞ்சம் தலைகாட்டிய அவ்வேளையில், கிழக்கின் வயல் நிலங்களில் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கெனக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரியொன்று திறக்கப்பட்டது. அதன் பொறுப்பு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்ட அஸீஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 30.

காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலங்களைக் கழனிகளாக்கும் பணியில் அவர் இறங்கினார். கச்சேரிக் கதிரையில் அமர்ந்து கட்டளையிடும் வெள்ளைக்கார மரபில் வந்த ஒரு பதவியை வகித்தவர், வரப்பில் இறங்கி நின்று போடிமாருடனும் வயற்காரருடனும் பேசினார். தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் மாறி மாறி அமைந்துள்ள அந்தக் கரையோரத்தில், ஒரே வாய்க்காலில் இரு சமூகத்தவரின் வயல்களுக்கும் நீர் பாய்வதை அவர் கண்டார். அதேவேளையில், நெல் நிறைந்த அந்த மண்ணில் எழுத்தறிவு வறண்டு கிடப்பதையும் கண்டார். திறமையுள்ள பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்கச் செல்வதும், பெண்பிள்ளைகள் அதற்கு முன்னரே வீட்டோடு நின்றுவிடுவதும் அவரது மனத்தை உறுத்தின. 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. பிற்காலத்தில் அவர் தேசிய மட்டத்தில் நிறுவிய அமைப்புகளின் வித்து அங்கேயே விழுந்தது.

கல்முனைக் காலம் அவருக்கு இரண்டு பெரும் நட்புகளையும் வழங்கியது. ஒருவர் சுவாமி விபுலானந்தர். அவர் பிறந்த காரைதீவு கல்முனையை அடுத்துள்ள ஊர். துறவியான ஒரு தமிழ்ப் பேரறிஞரும், இல்லறத்தானாகிய ஓர் இளம் முஸ்லிம் நிருவாகியும் கொண்ட நட்பு, எமது வரலாற்றில் அதிகம் பேசப்படாத அழகான பக்கங்களில் ஒன்று. வயதில் விபுலானந்தர் ஏறக்குறைய 20 ஆண்டுகள் மூத்தவர். மதம் வேறு, வாழ்க்கை நெறி வேறு. ஆனால் இருவரையும் இரண்டு பற்றுக்கள் இணைத்தன. ஒன்று தமிழ், மற்றையது ஏழைப் பிள்ளையின் கல்வி. அஸீஸ் சிறுவனாகப் படித்த வைத்தீஸ்வர வித்தியாலயமும், கிழக்கில் விபுலானந்தர் கட்டியெழுப்பிய பாடசாலைகளும் ஒரே இராமகிருஷ்ண மிஷனின் கிளைகள் என்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

மற்றையவர் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை. மகாகவி அல்லாமா இக்பாலின் சிந்தனைகளில் அஸீஸ் கொண்டிருந்த ஈடுபாடு இந்த நட்பினூடாகத் தமிழுக்கு ஒரு கொடையாயிற்று. இக்பாலின் கருத்துக்களை எமது கிழக்கிலங்கைத் தமிழில் பாடிய கவிஞருக்கு அஸீஸ் உற்சாகமளித்த உறுதுணையாளராக விளங்கினார். நண்பரின் ஆற்றலைக் கண்டுபிடித்து, அதனை வெளிக்கொணரும் வரை ஓயாதிருப்பதே நட்பு என்று அவர் கருதினார் போலும். பிற்காலத்தில் பேராசிரியராகப் புகழ்பெற்ற ம.மு. உவைஸ் அவர்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை ஆராய்ந்து உலகறியச் செய்த நெடும் பயணத்திலும் அஸீஸின் ஊக்குவிப்பு உடனிருந்தது.

1945ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி நிறுவப்பட்டது. வறுமை காரணமாகப் படிப்பை இடையில் நிறுத்த நேரும் முஸ்லிம் மாணவருக்குப் பொருளுதவி வழங்குவதே அதன் நோக்கம். இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கொடையாளிகள் எமது சமூகங்களில் எக்காலத்திலும் இருந்துள்ளனர். கோவிலும் பள்ளிவாசலும் கட்டக் கொடுத்தனர். அன்னதானமும் கந்தூரியும் நடத்தக் கொடுத்தனர். ஆனால் கொடையை ஒரு நிறுவனமாக்கி, விண்ணப்பம், தெரிவு, கணக்கு என்ற ஒழுங்குக்குள் கொண்டுவந்து, கொடுப்பவரின் முகத்தைப் பெறுபவர் பார்க்கத் தேவையில்லாதபடி செய்தல் வேறொரு காரியம். ஏழை மாணவனின் தன்மானம் அதனாற் காக்கப்படுகின்றது. சிவில் சேவையில் அவர் கற்ற நிருவாக ஒழுங்கும், தந்தைக்குரிய பரிவும் ஒன்றுசேர்ந்த இடமாக அந்நிதியை நாம் காண்கின்றோம். அதன் உதவியோடு படித்துப் பட்டம் பெற்றவர்கள் மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் நாடெங்கும் பணிபுரிந்தனர். அவர்களுட் பலர் தாம் பெற்ற உதவியை வெளியிற் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டு, நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், சிவில் சேவையில் உயர் பதவிகள் காத்திருந்த வேளையில், அஸீஸ் அச்சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர் பொறுப்பை ஏற்றார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அக்கல்லூரியை வளர்த்த ரி.பி. ஜாயா அவர்களின் இடத்திற்கு அவர் வந்தார். ஓர் அரசாங்க அதிபராக வரக்கூடியவர் ஒரு பாடசாலை அதிபராக வந்தது பலருக்குப் புதிராகவே இருந்திருக்கும்.

இவ்விடத்தில் அவரது இல்லத்தைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க விரும்புகின்றோம். பெரியோரின் வரலாற்றை எழுதும்போது, அவர்களது தியாகங்களை எல்லாம் அவர்களது பெயரிலேயே வரவு வைத்துவிடும் வழக்கம் எம்மிடம் உண்டு. பதவியைத் துறந்தவர் அஸீஸ், உண்மை. ஆனால் அன்று அவர் தனி மனிதரல்லர். மனைவியும் பிள்ளைகளும் உள்ள குடும்பத்தலைவர். சிவில் சேவை உத்தியோகத்தரின் வீட்டுக்குரிய நிச்சயத்தன்மையும் ஓய்வூதியமும் சமூக மதிப்பும் அக்குடும்பத்தின் சொத்துக்களாகவும் இருந்தன. அவற்றைக் கைவிடும் முடிவில் துணைவியாரின் சம்மதம் இல்லாதிருந்தால், அதன் பின் வந்த 13 ஆண்டுகளின் பணியை அவ்வளவு அமைதியோடு ஆற்றியிருக்க முடியாது என்பதை இல்லறத்திலுள்ள எவரும் அறிவர். பகலிற் கல்லூரி, மாலையிற் சங்கக் கூட்டங்கள், செனற் சபை, அதற்கும் மேலாக எழுத்து என்று ஒரு கணவர் ஓடிக்கொண்டிருக்கும்போது, வந்தோரை வரவேற்று வீட்டை நடத்துவதும் பிள்ளைகளை வளர்ப்பதும் எவ்வளவு பெரும் சுமை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சுமைக்கு எந்த விருதும் வழங்கப்படுவதில்லை. அஸீஸின் பெயரை மதிப்போர் அவரது துணைவியாரையும் நன்றியோடு நினைத்தல் கடன்.

தந்தை என்ற நிலையிலும் அவர் விட்டுச்சென்றது எத்தகையது என்பதற்கு ஒரு சான்று எம்மெல்லோரின் கண்முன்னும் இருந்தது. அவரது மறைவுக்குப் பின்னர் அவரது புதல்வர், தந்தையின் உரைகளையும் கட்டுரைகளையும் தேடித் தொகுத்து வெளியிடுவதையும், அவரது நினைவைப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் பேணுவதையும் பல ஆண்டுகளாகத் தம் கடமையாக ஏற்றுச் செய்தார். செல்வத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பிள்ளைகள் பலர். தந்தையின் சிந்தனையைச் சொத்தாகக் கருதிப் பேணுவோர் சிலர். பொதுவாழ்வில் மூழ்கியவர்களின் பிள்ளைகள் தந்தையை ஊருக்குப் பறிகொடுத்த மனத்தாங்கலோடு வளர்வதுண்டு. அவ்வாறன்றி, தந்தையை ஊரோடு பகிர்ந்துகொண்ட பெருமையோடு அவர்கள் வளர்ந்தனர் என்பதே அவரது இல்லறத்தின் சிறப்பைக் கூறப் போதுமானது.

ஸாஹிறாவை அவர் வெறும் பரீட்சைக்கூடமாகக் கருதவில்லை. சேர் செய்யித் அஹ்மத் கான் 1875இல் அலிகாரில் நிறுவிய கல்லூரி இந்திய முஸ்லிம்களின் வாழ்வில் ஏற்படுத்திய மாற்றத்தை அவர் நன்கறிந்திருந்தார். இலங்கையில் சித்திலெப்பை அவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய மறுமலர்ச்சிக் குரலை அடுத்த தலைமுறைகள் மறந்துவிடாதபடி எடுத்துரைத்தார். எகிப்தில் இருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒறாபி பாஷாவின் வருகை இந்நாட்டு முஸ்லிம்களின் கல்வி விழிப்புக்கு எவ்வாறு துணைநின்றது என்பதை எழுதினார். இந்த மூன்று நினைவுகளையும் ஒன்றாக இணைத்து, ஸாஹிறாவை இலங்கை முஸ்லிம்களின் சிந்தனைக்கும் பண்பாட்டுக்குமான நிலைக்களமாக்க முயன்றார். 1961ஆம் ஆண்டு வரை அவர் அதிபராக இருந்த காலம் அக்கல்லூரியின் பொற்காலம் என்று பழைய மாணவர்கள் சொல்வதை நாம் பல முறை கேட்டிருக்கின்றோம்.

அந்தப் பொற்காலத்தின் பயன் முஸ்லிம்களோடு நின்றுவிடவில்லை. வடமராட்சி கரவெட்டியைச் சேர்ந்த இளைஞரொருவர் அங்கு படித்தார். பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றுத் திரும்பிவந்து அங்கேயே படிப்பித்தார். தமிழ்கூறும் நல்லுலகம் பின்னாளில் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி என்று அறிந்த அறிஞர் அவர். தம் அதிபரை அவர் வாழ்நாள் முழுவதும் குருவாகவே போற்றினார். வண்ணார்பண்ணை முஸ்லிம் சிறுவனுக்கு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி செய்ததை, கரவெட்டித் தமிழ் இளைஞருக்குக் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி செய்தது. எமது இரு சமூகங்களுக்குமிடையிலான கொடுக்கல் வாங்கற் கணக்கில் இதுபோன்ற பதிவுகளை நாம் அடிக்கடி எடுத்துப் பார்க்கவேண்டும். பிற பதிவுகளே எமது நினைவில் மேலோங்கி நிற்பதாற் சொல்கின்றோம்.

1950ஆம் ஆண்டில் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையை நிறுவி, ஊர்கள் தோறும் சிதறிக்கிடந்த முஸ்லிம் இளைஞர்களைச் சேவையின்பால் ஒருமுகப்படுத்தினார். 1952இல் செனற் சபைக்கு நியமிக்கப்பட்டார். ஐக்கிய தேசியக் கட்சியுடன் இணைந்திருந்த அவருக்கு 1956ஆம் ஆண்டு ஒரு சோதனைக் காலமாயிற்று. தனிச் சிங்களம் என்ற கொள்கையை இரு பெருங்கட்சிகளும் போட்டியிட்டு ஏற்றன. முஸ்லிம் அரசியற் பிரமுகர்கள் சிலர் அதனை ஆதரிப்பதே தம் சமூகத்திற்குப் பாதுகாப்பு எனக் கணக்கிட்டனர். நாடெங்கும் சிங்கள மக்களிடையே சிதறி வாழும் சிறுபான்மைக்கு அது நியாயமான அச்சமே எனவும் கூறலாம். ஆனால் அஸீஸ் அக்கணக்கை ஏற்கவில்லை. கட்சியை விட்டு விலகினார். அரசகரும மொழிச் சட்டமூலம் செனற் சபைக்கு வந்தபோது அதனை எதிர்த்து உரையாற்றினார்.

அவரது நிலைப்பாட்டின் அடிப்படை தெளிவானது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலானோரின் வீட்டுமொழி தமிழ். அவர்கள் தாலாட்டுக் கேட்டதும், மார்க்க அறிவு பெற்றதும், கணக்கெழுதியதும், காதல் கொண்டதும் தமிழிலேயே. அறபு எழுத்தில் எழுதியபோதும் அவர்கள் எழுதியது தமிழையே. அம்மொழியைக் கைவிடுமாறு அவர்களைக் கேட்பது அவர்களது ஐந்நூறு, அறுநூறு ஆண்டு கால இலக்கியத்தையும் நினைவையும் கைவிடுமாறு கேட்பதாகும் என்பது அவரது துணிபு. அதேநேரம், தமிழைப் பேசுவதால் முஸ்லிம்கள் தமது தனித்துவத்தை இழந்து இன்னொரு சமூகத்தின் கிளையாக எண்ணப்படவேண்டும் என்பதையும் அவர் ஏற்கவில்லை. மொழியில் ஒன்று, மார்க்கத்திலும் பண்பாட்டிலும் தனித்துவம் என்ற இரட்டை நிலைப்பாட்டை அவர் முரண்பாடின்றி வகித்தார். தமிழ்த் தலைமைகளும் முஸ்லிம் தலைமைகளும் பிற்காலத்தில் இவ்விரண்டில் ஒன்றை மாத்திரம் பற்றிக்கொண்டு மற்றையதை விட்டதன் விளைவுகளை நாம் அனைவரும் அனுபவித்தோம்.

1963ஆம் ஆண்டு வெளிவந்த அவரது ‘இலங்கையில் இஸ்லாம்’ சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. ‘மிஸ்றின் வசியம்’, ‘கிழக்காபிரிக்கக் காட்சிகள்’, ‘தமிழ் யாத்திரை’, ‘ஆபிரிக்க அனுபவங்கள்’ ஆகிய நூல்கள் அதன் பின்னர் வந்தன. ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெறக்கூடிய புலமை வாய்த்தவர், தம் பயண அனுபவங்களைத் தமிழில் எழுதியமை தற்செயலானதன்று. கெய்ரோவையும் சன்சிபாரையும் பற்றித் தன் ஊர் வாசகன் தன் மொழியிலேயே அறியவேண்டும் என்று விரும்பினார். 1963இல் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் உறுப்பினராகப் பொறுப்பேற்றார். இறுதிக் காலத்தில் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா உருவாவதற்கான சிந்தனை முயற்சிகளிலும் பங்குகொண்டார். மார்க்கக் கல்வியும் நவீனக் கல்வியும் ஒன்றையொன்று அஞ்சத் தேவையில்லை என்ற அவரது நீண்டகால எண்ணம், 1973இல் தொடங்கிய அந்நிறுவனத்தில் உருப்பெறுவதைக் கண்ட சில மாதங்களில், 62ஆவது வயதில் அவர் காலமானார்.

அவருக்குப் பின்னர் அவரது பிறந்த மண் அவரை மறக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980ஆம் ஆண்டில் அவருக்கு இலக்கியக் கலாநிதிப் பட்டத்தை வழங்கிக் கௌரவித்தது. உயிரோடு இல்லாத தன் மகனைத் தாய் வீடு அழைத்துச் சீராட்டிய நிகழ்வு அது.

ஆனால் அதற்கு 10 ஆண்டுகளின் பின் நடந்ததையும் நாம் எழுதாமல் விடலாகாது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வடக்கு மாகாணம் முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு வீடு வாசல் இழந்தனர். அஸீஸ் பிறந்த தெருக்கள் ஒரே நாளில் ஆளரவமற்றுப் போயின. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அவரது நண்பரான கவிஞரின் ஊராகிய காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே மாதம் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அவர் வரப்புகளில் நடந்து திரிந்த மண்ணிலேயே, ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சியவர்கள் ஒருவரையொருவர் அஞ்சி வாழும் நிலை உண்டாயிற்று. அஸீஸ் உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க நாம் விரும்பவில்லை. தந்தையொருவர் மறைந்த வீட்டில் பிள்ளைகள் சண்டையிட்டுக்கொள்ளும் காட்சியே எம் நினைவுக்கு வருகின்றது.

போர் 2009இல் முடிவடைந்த பின்னரும் யாழ்ப்பாண முஸ்லிம்களின் மீள்குடியேற்றம் மெதுவாகவும் குறையாகவுமே நடந்தது. 20 ஆண்டுகளில் ஒரு தலைமுறை புத்தளத்திலும் பிற இடங்களிலும் பிறந்து வளர்ந்துவிட்டது. இது குறித்துத் தமிழ்ச் சமூகத்தின் உரத்த குரல்கள் போதிய அளவில் எழவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும். மறுபுறத்தில், 2019ஆம் ஆண்டில் கல்முனையின் வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது குறித்து இரு சமூகத்தவரும் எதிரெதிரே கூடாரமடித்து அமர்ந்த காட்சியையும் கண்டோம். ஒரு காலத்தில் ஒரே கச்சேரியின் வாசலில், ஒரே உத்தியோகத்தரிடம், இரு சமூகத்தவரும் நம்பிக்கையோடு மனுக் கொடுத்த ஊர் அது. எல்லைக் கோடுகள் எங்கு வரையப்படவேண்டும் என்பது பேசித் தீர்க்கப்படவேண்டிய விடயம். ஆனால் அந்த உத்தியோகத்தர் மீது இரு சாராரும் வைத்திருந்த நம்பிக்கையை எந்த வர்த்தமானி அறிவித்தலாலும் உருவாக்கிவிட முடியாது.

நம்பிக்கையளிக்கும் பதிவுகளும் இல்லாமலில்லை. கொவிட் தொற்றினால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்ட துயர நாட்களில், 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் தமிழரோடு முஸ்லிம்களும் இணைந்தனர். மரித்தவரைத் தன் மார்க்கப்படி அடக்கம் செய்யும் உரிமை முஸ்லிம் ஒருவருக்கு மறுக்கப்பட்டபோது அதனைத் தமிழரும் தம் கோரிக்கையாக எழுப்பினர். தந்தையை, கணவரை, நண்பரை இழந்த வீட்டின் துயரம் இரு சமூகத்துக்கும் ஒன்றே என்பதை அன்று பலர் உணர்ந்தனர்.

அஸீஸை நினைவுகூர்வது என்றால் என்ன? ஆண்டுக்கொரு முறை படத்திற்கு முன்னாற் பேசுவது எளிது. அவர் செய்தவற்றை எண்ணிப் பார்த்தால், எமக்குரிய வேலைகள் தாமாகவே தெரியவரும். யாழ்ப்பாணத்தில் உள்ள தமிழ்ப் பாடசாலைகள், மீண்டு வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளை, அன்று இந்துக் கல்லூரி அஸீஸை ஏற்றதுபோல ஏற்கின்றனவா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். முஸ்லிம் கல்லூரிகள், சிவத்தம்பிக்குத் திறந்த கதவு இன்னும் திறந்திருக்கின்றதா என்று பார்க்கட்டும். சிங்கள மொழியிலும் ஆங்கிலத்திலும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் முஸ்லிம் பெற்றோர், அதில் தவறேதுமில்லை என்றாலும், வீட்டில் தமிழ் வாசிக்கும் பழக்கத்தையும் காப்பாற்றட்டும். அஸீஸின் நூல்களைப் பாடசாலை நூலகங்களில் தேடும் மாணவருக்கு அவை கிடைக்குமாறு இரு சமூகத்துப் பதிப்பாளரும் செய்யட்டும்.

அவரை அன்போடு நேசித்த துணைவியாரும் பிள்ளைகளும் நண்பர்களும் தங்கள் பங்கைச் செவ்வனே செய்துவிட்டனர். எஞ்சியிருப்பது எமது பங்கு. வண்ணார்பண்ணையில் பிறந்து, கல்முனையில் முதிர்ந்து, கொழும்பில் பணி முடித்த அந்தப் பெருந்தகையை எம் இரு வீடுகளும் தம்மவர் என உரிமை கொண்டாடுகின்றன. ஒரே தந்தையை உரிமை கொண்டாடுவோர் உறவினரே. அந்த உறவை நாம் அவரைப் போல நடந்து காட்டுவோமாயின், அன்னாரின் நினைவுக்கு அதைவிடச் சிறந்த காணிக்கை வேறில்லை.